பூங்காவில் உண்ணிக் காய்ச்சல்: மருந்து அடிக்கும் முன் திட்டைக் கண்டுபிடியுங்கள்

ஒரே பூங்காவுக்குப் போய்வந்த இரண்டு மூன்று பேருக்கு ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டால், பெரும்பாலும் உடனே நடப்பவை இரண்டு. பூங்கா முழுக்கப் புகை மருந்து அடிப்பார்கள். மூலைமுடுக்கெல்லாம் எலி விஷம் வைப்பார்கள். முதல் வேலையால் பயனில்லை. இரண்டாவது வேலை, எடுத்தவுடன் அதை மட்டும் செய்தால், ஆபத்தைக் கூட்டிவிடும்.

புகை மருந்தின் துளிகள் காற்றில் மிதந்து பறக்கும் கொசுவைத் தொடுவதற்காகவே அவ்வளவு நுண்ணியதாக ஆக்கப்படுகின்றன. இந்த நோயைக் கொடுக்கும் சிற்றுண்ணி பறப்பதே இல்லை. மண்ணிலும் சருகிலும் புல்லின் அடியிலும் கிடக்கிறது. அதுவும் பூங்கா முழுக்கப் பரவியிருக்காது; சில சதுர மீட்டர் அளவுள்ள திட்டுகளாக இருக்கும். ஒரு திட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, பத்தடி தள்ளி ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஆகவே திட்டு எங்கே என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எதைத் தேடுகிறோம்

நோய்க்குக் காரணம் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா. அதைச் சுமப்பது லெப்டோட்ராம்பிடியம் இனத்துச் சிற்றுண்ணிகள். தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸ் முக்கியமானது. நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் தொங்கும் உண்ணி வேறு, இது வேறு. நாய்க்கு உண்ணி மருந்து போட்டுவிட்டோம் என்று இந்த நோயை மறந்துவிட முடியாது.

கடிப்பது லார்வா, அதாவது முட்டையிலிருந்து வந்த குஞ்சு, மட்டுமே. அளவு கால் மில்லிமீட்டர்தான். ஆறு கால், ஆரஞ்சு அல்லது வெளிர்சிவப்பு நிறம். முட்டையிலிருந்து வெளிவந்ததும் புல் நுனிக்கோ சருகின் விளிம்புக்கோ ஏறிக் கூட்டமாகக் காத்திருக்கும். சூடான ரத்தமுள்ள உயிர் எதுவும் உரசிப் போனால் தொற்றிக்கொள்ளும். தோலைத் துளைத்து உள்ளே போகாது, ரத்தமும் குடிக்காது. உமிழ்நீரால் திசுவைக் கரைத்து, அந்த இடத்தில் உண்டாகும் நுண்குழாய் வழியாகத் திசுநீரை உறிஞ்சும். இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்துவிட்டு உதிர்ந்து மண்ணுக்குப் போகும். அதன்பின் வாழ்நாளில் மறுபடி எந்த விலங்கையும் கடிக்காது. அடுத்த பருவத்திலும் முதிர்ந்த பிறகும் மண்ணில் உள்ள பூச்சி முட்டைகளைத் தின்றே வாழும்.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை கடிக்கும் பூச்சி எப்படி நோயைப் பரப்பும்? தாய் உண்ணி கிருமியை முட்டை வழியாகவே குஞ்சுகளுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் கிருமியின் வீடு சிற்றுண்ணிதான். எலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவை லார்வாவுக்குச் சாப்பாடு. அவை அதிகமானால் உண்ணியும் அதிகமாகும். ஆனால் எலி எல்லாம் செத்தாலும் மண்ணில் இருக்கும் உண்ணிப் பரம்பரை கிருமியோடு தொடரும். எலியை மட்டும் குறிவைக்கும் திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்பது இதிலேயே இருக்கிறது.

இது கிராமத்து வயல் நோய் என்ற எண்ணம் இன்னும் பல மருத்துவர்களிடமே உண்டு. சீனாவின் குவாங்சோ போன்ற பெருநகரங்களில் நகருக்குள்ளிருக்கும் பூங்காக்களோடு தொடர்புள்ள நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். உண்ணிக்கு வேண்டியது ஈரமான மண், நிழல், புல்லும் புதரும் சந்திக்கும் ஓரம், கொஞ்சம் எலி. இத்தனையும் ஒரு நகரப் பூங்காவில் இருக்கிறது.

நோயாளிகளிடம் கேட்க வேண்டியவை

கடிபட்டதிலிருந்து காய்ச்சல் வர 6 முதல் 21 நாள் ஆகும். பெரும்பாலும் பத்து நாளையொட்டி வரும். எனவே காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து மூன்று வாரம் பின்னோக்கிப் போங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள்: வயது, தொழில், காய்ச்சல் தொடங்கிய தேதி, உடலில் கருப்புப் பொருக்கு இருந்ததா, எங்கே இருந்தது, எந்தப் பரிசோதனையில் உறுதியானது, எந்தப் பசுமையிடங்களுக்குப் போனார்.

"பூங்காவுக்குப் போனீர்களா?" என்ற கேள்வி போதாது. சிமெண்ட் நடைபாதையில் மட்டும் நடந்தவருக்கு ஆபத்து மிகக் குறைவு. புல்லில் உட்கார்ந்தீர்களா, எங்கே? பந்து எடுக்கப் புதருக்குள் போனீர்களா? நாயை எந்தப் பக்கம் விட்டீர்கள்? பையைத் தரையில் வைத்தீர்களா? சிறுநீர் கழிக்க எங்கே ஒதுங்கினீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆனால் மதிலோரப் புதர்தான் பல பூங்காக்களில் எலியும் உண்ணியும் அதிகமுள்ள இடம். பூங்காவின் வரைபடத்தைக் கையில் கொடுத்துப் பேனாவால் குறிக்கச் சொன்னால் பதில் துல்லியமாக வரும். நான்கைந்து பேர் குறித்ததை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்தப் பகுதியில் தேடலைத் தொடங்குவது என்று புரிந்துவிடும்.

தோட்டத் தொழிலாளர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் மருத்துவமனைப் பட்டியலில் மட்டும் தேடாதீர்கள். காய்ச்சலோடு வேலைக்கு வருபவர்களும், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவர்களும் அவர்களில்தான் அதிகம். நேரில் போய்க் கேளுங்கள். அதே மூன்று வாரத்தில் யார் யார் விடுப்பில் இருந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டையும் பாருங்கள்.

திட்டைக் கண்டுபிடித்தல்

முதலில் வரைபடமும் பென்சிலுமாக ஒரு சுற்று நடங்கள். குறிக்க வேண்டியவை: கணுக்காலுக்கு மேல் வளர்ந்த புல், புல்வெளி முடிந்து புதர் தொடங்கும் கோடு, மதிலோர இடிபாட்டுக் குவியல், வெட்டிய கிளைகளைப் போட்டுவைக்கும் மூலை, உரக்குழி, நாற்றங்கால், கசியும் குழாய், எலி வளை, புதருக்கு ஒட்டிய பெஞ்சு. தொழிலாளர்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் மரத்தடியையும் விட்டுவிடாதீர்கள். சிந்தும் சோறு எலியை அழைக்கும்.

அடுத்தது கருப்புத் தட்டு. சுமார் 15 சென்டிமீட்டர் சதுரமுள்ள, வழவழப்பான கருப்பு பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் துண்டுகள் இருபது வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் புல்லடியில், ஒரு விளிம்பு மண்ணைத் தொடும்படி நிறுத்தி, ஐந்து நிமிடம் விடுங்கள். உண்ணி இருந்தால் தட்டில் ஏறி மேல்விளிம்பில் கூடும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸில் பார்த்தால் கருப்புப் பின்னணியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வேகமாக ஓடுவது தெரியும். தூசி ஓடாது, அதுதான் வித்தியாசம். எண்ணிக் குறித்துக்கொண்டு, ஈரமான நுண்தூரிகையால் தொட்டெடுத்து 70 சதவீத ஆல்கஹால் உள்ள குப்பியில் போடுங்கள். குப்பிக்குள் பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டைப் போட வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

இதில் தவறுவது பெரும்பாலும் நேரம். உச்சிவெயிலில் தட்டு வைத்தால் உண்ணி மண்ணுக்குள் இறங்கிவிட்டிருக்கும், தட்டும் சுடும். காலையில் பனி உலர்ந்த பிறகோ, மாலை வெயில் தணிந்த பிறகோ வையுங்கள். மழை பெய்யும்போதும் காற்று பலமாக அடிக்கும்போதும் வேண்டாம். இன்னொன்று, தட்டுகளைப் புல்வெளியின் நடுவில் சம இடைவெளியில் பரப்பிவிட்டு "எதுவும் இல்லை" என்று எழுதுவது. ஓரங்களில்தான் நெருக்கமாக வைக்க வேண்டும். சந்தேகமான ஓரத்தில் இரண்டு மீட்டருக்கு ஒன்று. ஒரு நாள் வெறுமையாக வந்ததை வைத்து அந்த இடம் சுத்தம் என்று முடிவு செய்யாதீர்கள். மூன்று வெவ்வேறு நாள் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

தட்டில் ஒன்றும் சிக்காமல் நோயாளிகள் மட்டும் வந்துகொண்டிருந்தால் எலிப்பொறி வையுங்கள். உயிரோடு பிடிக்கும் பொறிகள் வேண்டும். சாயங்காலம் வேர்க்கடலை வைத்து, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். செத்த எலி குளிர்ந்தால் லார்வாக்கள் இறங்கிப் போய்விடும். அதனால் பொறியோடு சேர்த்து வெள்ளைத் துணிப்பையில் கட்டியே ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். எலியின் காது மடலுக்குள் பார்த்தால் ஆரஞ்சுத் துகள்கள் ஒட்டினாற்போல் கொத்தாக உட்கார்ந்திருக்கும். ஒரு எலிக்குச் சராசரியாக எத்தனை லார்வா என்ற கணக்கைச் சிக்கர் குறியீடு என்பார்கள், 0.69க்கு மேல் போனால் மனிதருக்குத் தொற்றும் வாய்ப்பு உயர்ந்திருக்கிறது என்று பல கண்காணிப்புக் குழுக்கள் எடுத்துக்கொள்கின்றன. எலியைக் கையாள்வது பழகியவர்களின் வேலை. கையுறை இல்லாமல் தொட்டால் எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி வேறு தொற்றலாம்.

பிடித்த உண்ணியில் கிருமி இருக்கிறதா என்று பிசிஆர் பரிசோதனை சொல்லும். ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருந்து வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிகள் குறித்த இடமும் தட்டில் உண்ணி ஏறிய இடமும் ஒன்றாக இருந்தால் அதுவே போதும்.

எந்த வேலை முதலில், எது கடைசியில்

திட்டைச் சுற்றி ஐந்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி ஆட்களை நிறுத்துங்கள். முழுப் பூங்காவையும் மூட வேண்டிய அவசியம் அரிது. மூடினால் மக்கள் பக்கத்துக் காலிமனைக்கு நடக்கப் போவார்கள். அங்கே இதைவிட மோசமான புதர் இருக்கும். பலகையில் "உள்ளே வராதீர்கள்" என்று மட்டும் எழுதாமல், ஏன் என்றும், கடந்த மூன்று வாரத்தில் இங்கே உட்கார்ந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். அந்தப் பலகை ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடும்.

பிறகு புல் வெட்டுங்கள். வெட்டும் உயரம் 5 முதல் 8 சென்டிமீட்டர். மண் தெரியச் சுரண்டாதீர்கள். சுரண்டிய இடத்தில் அடுத்த மழைக்குக் களைதான் அடர்ந்து வரும். புதரின் கீழ்க்கிளைகளைத் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கழித்துவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே போகும். உண்ணிக்கு வறட்சி ஆகாது என்பதால் இந்த ஒரு வேலையே பாதிப் பலன் தரும். வெட்டிய புல்லையும் சருகையும் அன்றே மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள். அங்கேயே குவித்தால் ஈரமும் நிழலும் திரும்பக் கிடைத்துவிடும். எரிக்க வேண்டாம்.

புல் வெட்டுபவர்தான் அந்த வாரத்தில் பூங்காவிலேயே அதிக ஆபத்தில் இருப்பவர். கீழே சொல்லப்போகும் உடையும் மருந்தும் கொடுக்காமல் அவரைத் திட்டுக்குள் அனுப்பக் கூடாது.

வெட்டிய பிறகுதான் பூச்சிமருந்து. முன்னாலேயே அடித்தால் மருந்து புல் நுனியில் தங்கி, புல்லோடு மூட்டையில் போய்விடும். பெர்மெத்ரின், பைஃபென்த்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகையில், வெளியிடத்தில் உண்ணிக்கு என்று உங்கள் நாட்டில் அனுமதி பெற்ற ஒன்றை, முதுகில் மாட்டும் தெளிப்பானில், பெரிய துளிகளாக, மண்ணும் சருகும் நனையும்படி அடிக்க வேண்டும். அளவு லேபிளில் உள்ளதுதான். ஆனால் அந்த அளவு சரியாக விழ வேண்டுமென்றால், தெளிப்பவரின் நடைவேகத்தை முதலில் அளக்க வேண்டும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் குறித்து, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான வேகத்தில் தெளிக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அளந்து கழித்தால் 100 சதுர மீட்டருக்கு எவ்வளவு போகிறது என்று வரும். 4 லிட்டர் போனால், 16 லிட்டர் டேங்க் 400 சதுர மீட்டருக்குப் போதும். லேபிள் 100 சதுர மீட்டருக்கு 30 மில்லி என்று சொன்னால், அந்த டேங்கில் 120 மில்லி கலக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் "ஒரு மூடி" என்று ஊற்றுவதால்தான் ஓரிடத்தில் மருந்து வீணாகிறது, இன்னோரிடத்தில் உண்ணி பிழைக்கிறது.

பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம், தேனீக்கும் அப்படியே. குளத்தோரம் அடிக்காதீர்கள், அங்கே வெட்டுவதோடு நிறுத்துங்கள். பூத்திருக்கும் செடிகளின் மேல் படக் கூடாது. அடுத்த 24 மணி நேரத்தில் மழை வரும் என்றால் தள்ளிப்போடுங்கள். நன்றாகக் காயும்வரை ஆளும் நாயும் உள்ளே வரக் கூடாது. மருந்து முட்டையைத் தொடாது என்பதால் இரண்டு வாரம் கழித்துத் தட்டு வைத்துப் பாருங்கள்; ஏறினால், லேபிள் அனுமதிக்கும் இடைவெளியில் திட்டுக்கு மட்டும் இன்னொரு முறை.

எலி கடைசியில். லார்வா பசியோடு காத்திருக்கும்போது எலியை ஒழித்தால், அடுத்து உரசிப் போகும் சூடான உடம்பு மனிதனுடையதாக இருக்கும். 1946இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக் குடியிருப்பு ஒன்றில் பரவிய ரிக்கெட்சியல் பாக்ஸ் என்ற காய்ச்சலுக்குக் காரணம் வேறொரு கிருமி, வேறொரு சிற்றுண்ணி. அந்தச் சிற்றுண்ணி வீட்டுச் சுண்டெலியின் மேல் வாழ்வது. அங்கும் நோயின் வேர் கட்டடத்தின் அடித்தளத்தில் சுண்டெலியும் அதன் உண்ணியும் சேர்ந்து வாழ்ந்த மூலையில்தான் இருந்தது. அந்த வகை உண்ணியும் எலி இல்லாமல் போனால் மனிதனைத் தேடி வரும். ஆகவே உண்ணிக்கு மருந்து அடித்துத் தட்டு வெறுமையான பிறகு, வளைகளை அடைத்து, குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டு, இடிபாட்டுக் குவியலை அகற்றுங்கள். விஷத்தைவிட இந்த மூன்றும் நீண்ட நாள் நிற்கும்.

உடம்பைக் காப்பது

முழுக்கை, முழுக்கால் சட்டை. கால்சட்டையின் கீழ்முனை சாக்ஸுக்குள் செருகியிருக்க வேண்டும். பனியனும் சட்டையும் இடுப்புக்குள். லார்வா மேலே ஊர்ந்து, துணி இறுகும் இடத்தில்தான் நின்று கடிக்கும். சாக்ஸ் விளிம்பு, இடுப்புப் பட்டி, உள்ளாடை ஓரம்.

தோலுக்கு 20 முதல் 30 சதவீத டீட் என்ற பூச்சிவிரட்டி போதும். பாட்டிலில் எழுதிய நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். வேர்த்தால் அதற்கு முன்பே. சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், டீட் மேலே. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டீட் கூடாது. உடைக்கும் காலணிக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின். முந்தைய நாளே தெளித்துக் காயவைத்து உடுத்த வேண்டும். தோலில் நேரடியாகப் பூசாதீர்கள். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு உயிரைப் பறிக்கும் விஷம் அது, வீட்டுக்குள் தெளிக்க வேண்டாம்.

வெளியில் உட்கார விரிப்பு போதாது. அதன் மேலும் ஏறும். பெஞ்சில் உட்காருங்கள். வீடு வந்ததும் உடையைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, சோப்பு போட்டு, துணியால் தேய்த்துக் குளியுங்கள். கடித்தவுடன் கிருமி ஏறிவிடாது. லார்வா சில மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே அன்றே குளிப்பதற்கும் மறுநாள் குளிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

காய்ச்சல் வந்தால்

இதற்குத் தடுப்பூசி இல்லை. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்ற உறுதியும் இல்லை. கிருமியில் கார்ப், கில்லியம், கேட்டோ என்று பல வகைகள் உண்டு. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாது என்பதால் நோயாளியை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

அறிகுறிகளை வைத்து டெங்குவிலிருந்து பிரிப்பது கஷ்டம்: கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, இருமல், ரத்தத் தட்டணு குறைவு எல்லாம் இரண்டிலும் வரும். பிரித்துக் காட்டுவது கடிபட்ட இடத்தில் உண்டாகும் எஸ்கார்: சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், வலியே இருக்காது. வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடி, விதைப்பை, முழங்காலின் பின்புறம், காதின் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அக்குள் போன்ற ஈரமான இடத்தில் பொருக்கு கருப்பாக இராது. மஞ்சள் பூத்த சிறு புண்ணாகத் தெரியும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பகுதியை இன்னொரு முறை தேடுங்கள். எல்லோருக்கும் எஸ்கார் வராது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டியும் காரணம் தெரியாவிட்டால், அல்லது எந்த நாளாயினும் எஸ்கார் இருந்தால், மருத்துவரிடம் "மூன்று வாரத்துக்குள் இந்தப் பூங்காவில் இருந்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஐஜிஎம் எலிசா என்ற ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் நெகட்டிவாக வரலாம். அப்போது எஸ்காரின் பொருக்கிலிருந்து எடுக்கும் பிசிஆர் நன்றாகக் காட்டும். வெயில்–ஃபெலிக்ஸ் என்ற பழைய ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்பதை நம்பி விட்டுவிடக் கூடாது, அது பலரைத் தவறவிடும்.

சிகிச்சை எளிது, தாமதம்தான் கொல்லும். பெரியவர்களுக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, ஏழு நாள், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருத்துவர் தொடங்க வேண்டிய மருந்து இது. பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது. சாதாரண ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை என்பதே ஒரு துப்பு. டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து, அமிலக்குறைப்பு மருந்தோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் வேறு நோயையும் தேட வேண்டும்.

மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை ஆகியவை இரண்டாம் வாரத்தில் வரும் ஆபத்து அறிகுறிகள். அப்போது மாத்திரை போதாது, மருத்துவமனை வேண்டும். இந்தியாவில் நடந்து 2023இல் வெளியான இன்ட்ரெஸ்ட் ஆய்வில், தீவிர நிலையில் இருந்தவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிட நல்ல பலன் கிடைத்தது.

அடுத்த பருவத்துக்கு

நோயாளிகள் வருவது நின்ற பிறகும் தட்டுகளைப் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். முட்டை, குஞ்சு, முதிர்ந்த உண்ணி என்ற சுற்று சூடான இடங்களில் இரண்டு மூன்று மாதத்தில் முடியும். ஒரு திட்டு திரும்பிவர அவ்வளவு காலம் போதும். பழைய திட்டுகளில் மாதம் ஒருமுறை, மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே இடத்தில் தட்டு வையுங்கள். இடத்தை நினைவில் வைக்காமல் மதிலிலோ மரத்திலோ பெயிண்டால் எண் போடுங்கள். பார்ப்பவர் மாறினாலும் கணக்கு மாறாது. பெஞ்சை நகர்த்தினாலோ, புதிதாகப் புதர் நட்டாலோ, குழாய் கசிந்து ஒரு மூலை ஈரமானாலோ, அந்த இடத்துக்கும் ஒரு எண் சேர்த்துக்கொள்ளுங்கள்.